சங்கு ஊதினால் காதைப் பொத்துகிறவன்

ஒன்பதாம் வகுப்புக்கு வடிவியல் தொடங்கும் அன்று முதல் வேலையாக ஒரு மிரட்டல் விடுவேன். "இந்தப் பாடத்துல சில விஷயங்களை நிரூபிச்சுக் காட்டுங்கன்னு என்கிட்ட கேக்கவே கூடாது." வருஷா வருஷம் எவனாவது ஒருத்தன் எழுந்து நிற்பான். "ஏன் மிஸ் கேக்கக்கூடாது?" அவனுக்காகத்தான் அந்த மிரட்டலே. "ரெண்டு புள்ளி இருந்தா அதைச் சேர்த்து ஒரு நேர்கோடு போடலாம். ஒத்துக்கிறியா, இல்லியா?" "ஒத்துக்கிறேன் மிஸ்." "அதை யாரு நிரூபிச்சா?" முழிப்பான். "யாரும் இல்ல. எல்லாரும் ஒத்துக்கிட்டோம், அவ்வளவுதான். எங்கயாவது ஒரு இடத்துல ஆரம்பிக்கணும்ல? உக்காரு."

அரியலூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டாஃப் ரூமில் இதை வைத்துப் பெரிய சண்டையே நடக்கும். சயின்ஸ் சாருக்குக் கணக்கு என்றால் கொஞ்சம் இளக்காரம். "உங்க பாடத்துல பாதி சும்மா ஒத்துக்கிறதுதான் மேடம். நாங்க டெஸ்ட் பண்ணாம எதையும் ஏத்துக்க மாட்டோம்" என்பார். "அப்படியா சார்? நேத்து கொதிச்ச மாதிரியே நாளைக்கும் தண்ணி கொதிக்கும்னு எந்த லேப்ல டெஸ்ட் பண்ணீங்க?" என்று கேட்டேன். தயிர்சாதம் வாயிலேயே நின்றது அவருக்கு. வரலாறு டீச்சர் சிரிக்க, அவரையும் விடவில்லை. "கல்வெட்டுல செதுக்குனவன் பொய் சொல்லியிருக்க மாட்டான்னு உங்களுக்கு யாரு சொன்னா?" தமிழ் ஐயா மட்டும் தப்பித்துக்கொள்வார். அவர் பட்டிமன்றம் நடத்துகிறவர். எதையும் இரண்டு பக்கமும் பேசலாம் என்பதுதான் அவருக்குக் கேள்வி கேட்கக்கூடாத ஒரே உண்மை.

இந்த வாயெல்லாம் ஸ்கூல் கேட்டோடு சரி. வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு பாடத்திட்டம்.

நான் பிறந்தது பெரம்பலூர் டவுன். கட்டிக்கொடுத்தது ஆலத்தியூர்ப் பக்கம், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிய ஒரு ஊரில். வீட்டுக்காரருக்கு சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. மாமனார் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அடுத்த வீட்டிலேயே வீட்டுக்காரரின் அக்கா, என் அண்ணி. நான் ஸ்கூலுக்குப் போனால் என் பையனைப் பார்த்துக்கொள்வது மாமாவும் அண்ணியும்தான். சும்மா சொல்லக்கூடாது, கீழே விடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

எங்கள் ஊரில் மதியம் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள். அதற்கு முன்னால் சங்கு ஊதும். ஆலைச் சங்கு, சைரன். நீளமாக, ஊரையே இழுத்துப் பிடிக்கிற மாதிரி ஊதும். சங்கு கேட்டதும் பெண்கள் அலமாரி விளிம்பில் இருக்கிற கண்ணாடி டம்ளரை உள்ளே தள்ளி வைப்பார்கள். நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்புறம் எல்லாரும் இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தும்மென்று ஒரு அதிர்வு காலடியில் வந்து முதுகு வரைக்கும் ஏறும். அது முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். கல்யாணமாகி வந்த புதிதில் நான் பயந்து அலறியதை அண்ணி இன்றைக்கும் நடித்துக் காட்டுவார்.

பையனுக்கு இரண்டு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. "ஆ", "ஊ" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கி வாசலில் நின்று "தம்பி!" என்று கூப்பிடுவேன். முதுகைக் காட்டி உட்கார்ந்து விளையாடுகிறவன் திரும்பவே மாட்டான். எதிரே போய் நின்றால் மட்டும் பாய்ந்து வந்து காலைக் கட்டிக்கொள்வான்.

"இவனுக்குக் காது கேக்குதான்னு பாக்கணுங்க" என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். அப்பப்பா, தேன்கூட்டில் கல்லை விட்டெறிந்தது போலானது. "எங்க வூட்டு ஆம்பளைங்க எல்லாரும் லேட்டாத்தான் பேசுவாங்க. உன் புருசனே அப்படித்தான்" என்றார் அண்ணி. "அவன் வெளையாட்டு மும்முரத்துல இருப்பாம்மா" என்றார் மாமா. கடைசியாக அண்ணி பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். "சங்கு ஊதுனா காதைப் பொத்திக்கிறான்ல? கேக்காத புள்ளைக்கு சங்கு ஊதுறது எப்படித் தெரியும்? கணக்கு டீச்சரு, நீயே சொல்லு."

நான் என்னத்தைச் சொல்ல? உண்மைதானே. சனிக்கிழமை வீட்டில் இருக்கும்போது நானே பார்த்திருக்கிறேன். சங்கு ஊதும். என் பிள்ளை இரண்டு குண்டு விரலையும் காதில் செருகிக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பெரிய மனுஷன் மாதிரி நிற்பான். ஊரே ரசிக்கும். அவன் கொட்டாவி விட்டால்கூட அப்படி ஒரு அழகு வராது. அதற்கு மேல் நான் எதை வைத்து வாதாட? சங்கு கேட்டால்தான் காதைப் பொத்துவான், பொத்துகிறான், அதனால் கேட்கிறது. வாயை மூடிக்கொண்டேன். உள்ளுக்குள் நிம்மதியாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கோடை லீவு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வெடி கிடையாது, சங்கும் கிடையாது. தலைக்குக் குளித்துவிட்டு வந்தேன், காதுக்குள் தண்ணீர் போய்விட்டது. முற்றத்தில் நின்று இரண்டு காதிலும் விரலை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தேன். எதிரே பாட்டில் மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவ்வளவுதான். மூடிகளைப் போட்டுவிட்டு எழுந்தான். இரண்டு காதிலும் விரல். தோளைக் குறுக்கினான். கண்ணை மூடினான். தரையில் பாதத்தை அழுத்தி வைத்துக்கொண்டு அதிர்வுக்காகக் காத்திருந்தான்.

ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தான். எங்கே அது, இன்னும் காணோமே என்று கேட்கிற பார்வை.

என் விரல் காதிலேயே இருந்தது. எடுக்கத் தைரியம் வரவில்லை. இவன் சங்கைக் கேட்டுக் காதைப் பொத்தவில்லை. எங்களைப் பார்த்துப் பொத்துகிறான். இந்த ஊரில் சங்கு ஊதினால் எல்லாரும் பொத்துகிறார்கள், அதனால் இவனும் பொத்துகிறான். வேறு எந்த ஊரில் பிறந்திருந்தாலும் இந்தச் சாட்சியைக் காட்டி எங்களை யாரும் ஏமாற்றியிருக்க முடியாது.

ஆனாலும் எனக்குள் இருக்கிற டீச்சர் சும்மா இருப்பாளா? இரு, அவசரப்படாதே என்றாள். எந்தக் குழந்தையும் பெரியவர்களைப் பார்த்துச் செய்யும், காது நன்றாகக் கேட்கிற குழந்தையும் செய்யும். இது பாதிதான். சங்கு ஊத வேண்டும், ஒருத்தரும் பொத்தக்கூடாது, அப்போது இவன் என்ன செய்கிறான் என்று பார்த்தால்தான் மீதிப் பாதி.

ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என் பேரனை வச்சு சோதனையா பண்ணப்போற? அவன் என்ன உங்க ஸ்கூல் தவளையா?" எனக்கும் வந்தது பாருங்கள் ஒரு கோபம். "தவளைக்குக்கூட காது கேக்குதான்னு பாக்குறாங்க மாமா. என் புள்ளைக்குப் பாக்கக்கூடாதா? நாளைக்கு ஒரே ஒரு தடவை யாரும் காதைப் பொத்தாதீங்க. அவன் பொத்திக்கிட்டான்னா இனிமே இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்." வீட்டுக்காரர் அதுவரைக்கும் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ சொல்றபடி செய்யுங்கப்பா" என்றார்.

மறுநாள் மதியம் நாலு பேரும் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தோம். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி கையை மடியில் வைத்துக்கொண்டு. நடுவில் பையன் மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். சங்கு ஊதியது. நாய் எழுந்து கட்டிலுக்கு அடியில் போனது. அண்ணியின் கை தானாகக் காதுக்குப் போனது, நான் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டேன். சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. என் பிள்ளை ஒரு மூடியின் மேல் இன்னொரு மூடியை, அதன் மேல் இன்னொன்றை, சரியாக வைப்பதற்காக நாக்கைத் துருத்திக்கொண்டு வைத்தான். தம்பி, பொத்திக்கடா, ஒரு விரலையாவது தூக்குடா என்று மனசுக்குள் கெஞ்சினேன். தோற்றுப்போக வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட ஒரே வாதம் அதுதான்.

வெடி வெடித்தது. தரை தூக்கிப் போட்டது. மூடிகள் சரிந்தன. பையன் உடம்பெல்லாம் பதறி வீறிட்டான். அழுதுகொண்டே என்னைப் பார்த்தான், அவன் அப்பாவைப் பார்த்தான், தாத்தாவைப் பார்த்தான். எப்போதும் சொல்வீர்களே, இன்றைக்கு ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று ஒவ்வொருத்தரையும் கேட்டது அந்தப் பார்வை.

மாமா எழுந்து போய் அவனை வாரித் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "புரிஞ்சிருச்சும்மா, எனக்குப் புரிஞ்சிருச்சு" என்று சொல்லிச் சொல்லி, அவரும் குழந்தை மாதிரி அழுதார். கணக்கில் ஒரு நிரூபணம் முடிந்தால் சாக்பீஸைக் கீழே வைத்துக் கையைத் தட்டிக்கொள்வேன். அன்றைக்கு எனக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. சமையல்கட்டில் போய் நின்றேன். அண்ணி பின்னாலேயே வந்து என் தலையை இழுத்து நெஞ்சில் சாய்த்துக்கொண்டார்.

திருச்சிக்குக் கொண்டுபோய்க் காது டாக்டரிடம் காட்டினோம். கொஞ்சம்தான் கேட்கிறது, காதுக்கு மெஷின் வைக்க வேண்டும் என்றார். "பேசுவானா டாக்டர்?" என்று கேட்டேன். "உறுதியா சொல்ல முடியாதும்மா. சில குழந்தைங்க பேசுது, சில குழந்தைங்களுக்கு வரல" என்றார். அந்த மனுஷரை நான் இன்றும் மதிக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர் எங்கள் வட்டாரத்திலேயே அவர் ஒருத்தர்தான். மற்றவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நாக்கில் வசம்பு தேய்த்தால் பேசிவிடும் என்றாள் ஒருத்தி. நாக்குக்கு அடியில் நரம்பை வெட்டிவிட்டால் போதும் என்றார் ஒருத்தர். காது கேட்காத பிள்ளை எந்தக் காலத்திலும் பேசாது, வீணாக அலையாதே என்றார் என் சொந்த மாமன். ஒருத்தர் குரலிலும் துளி சந்தேகம் கிடையாது.

பெரம்பலூரில் காது கேட்காத குழந்தைகளுக்கு ஒரு சின்னப் பயிற்சி வகுப்பு இருந்தது. அதை நடத்திய பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். அங்கேயும் போய் அதே கேள்வியைக் கேட்டேன். "பேசுவானா?"

"பேசுவான்னு வச்சுக்கிட்டு ஆரம்பிங்க" என்றாள்.

"எதை வச்சு அப்படிச் சொல்றீங்க?"

"எதையும் வச்சு இல்லீங்க. பேச மாட்டான்னு நெனைக்கிற வூட்டுல யாரும் புள்ளைகிட்ட பேசுறதில்ல. பேசவே பேசாத வூட்டுல புள்ளைக்கு எங்கருந்து பேச்சு வரும்? நிரூபிச்சுட்டு ஆரம்பிக்கிற விஷயம் இல்ல இது."

எனக்குச் சுரீர் என்றது. வருஷா வருஷம் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு நான் சொல்கிற அதே பாடம். உட்கார்ந்தேன். ஒத்துக்கொள்வது அவ்வளவு கஷ்டமான வேலை என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டு புள்ளிக்கு ஒரு கோடு என்று ஒத்துக்கொள்வதில் நமக்கு என்ன நஷ்டம்? இதில் பொய்த்துப்போனால் உடைவது என் நெஞ்சு.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஆரம்பித்தது பாருங்கள் பேச்சு! மெஷின் என்பது அப்போது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டி. சட்டைப் பையில் வைத்து, அதிலிருந்து வயர் காதுக்குப் போகும். பையன் பிடுங்கிப் பிடுங்கி எறிவான். அண்ணி எல்லாச் சட்டையிலும் நெஞ்சுப் பக்கம் பொத்தான் போட்ட பை தைத்துக்கொடுத்தார். முகத்துக்கு நேராக, வெளிச்சத்தில் உட்கார்ந்து, வாயசைவு தெரியப் பேச வேண்டும். என்னத்தைப் பேசுவது? எதையாவது. மாமா இயல்பிலேயே அளந்து பேசுகிறவர். அவர் பேரனை எதிரே உட்கார வைத்து, சுரங்கத்தில் துளை போடுவது எப்படி என்று விளக்கினார். அது தீர்ந்ததும் பேப்பரை வாசித்துக் காட்டினார், சட்டசபைச் செய்தி உட்பட. அண்ணிக்குப் பயிற்சியே தேவைப்படவில்லை. "வாடா கழுத, எங்கடா போன, சட்டையெல்லாம் மண்ணு, ஒங்கம்மா வந்தா என்னை வையப்போறா" என்று அவர் ஒரே மூச்சில் திட்டுவதில் அத்தனை வார்த்தையும் இருந்தது. நைட் ஷிப்ட் முடிந்து வருகிற வீட்டுக்காரர், கண் சொக்கிக்கொண்டு "இது தோசை. இது சட்னி. அப்பாவுக்குத் தூக்கம்" என்று சொல்லிக்கொண்டே சுவரில் சாய்ந்து தூங்கிப்போவார். பெரம்பலூர் போகும்போதெல்லாம் பஸ்ஸில் நான் ஜன்னலில் தெரிவதை எல்லாம் கத்திச் சொல்லிக்கொண்டு போவேன். "மக்காச்சோளம்! லாரி! அந்தா பாரு, ஆடு!" பைத்தியம் என்று நினைத்தவர்கள் நினைத்துவிட்டுப் போகட்டும்.

மெல்ல மெல்லச் சத்தம் வார்த்தையானது. "ம்மா" வந்தது. "ப்பா" வந்தது. "தாத்தா" வந்த அன்று மாமா ஊருக்கே மிட்டாய் வாங்கிக்கொடுத்தார். நாங்கள் சொன்னால் திருப்பிச் சொல்வான். தட்டு என்றால் "தட்டு". பஸ் என்றால் "பச்சு". அதற்கே நாங்கள் தலைகால் தெரியாமல் ஆடினோம். அப்போதுதான் வீட்டுக்காரரின் சித்தப்பா ஒருத்தர் செந்துறையிலிருந்து வந்தார். பையன் பேசுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது பேச்சு இல்லம்மா. நீ சொல்றதை அவன் திருப்பிச் சொல்றான். கிளியும்தான் சொல்லுது. அவனா ஒண்ணு சொல்றானா?" என்று கேட்டுவிட்டுக் காபியைக் குடித்தார்.

ஸ்டாஃப் ரூமில் ஆளாளுக்கு மடக்குகிறவள், அந்தக் காபி டம்ளரைக் கழுவிக்கொண்டே யோசித்தேன், பதில் கிடைக்கவில்லை. மனுஷர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். அவனாக ஒன்றும் இதுவரை சொன்னதில்லைதான். பசித்தால் தட்டைக் காட்டுவான், தாகம் என்றால் குடத்தைக் காட்டுவான். வாயைத் திறப்பது நாங்கள் திறந்த பிறகுதான். பேசுவான் என்று வைத்துக்கொண்டது எல்லாம் வெறுமனே வைத்துக்கொண்டதோடு நின்றுவிடுமோ என்று பயந்தேன். ஆனாலும் மறுநாள் காலையில் எழுந்து "தம்பி, இது பல்பொடி" என்று தொடங்கினேன். வேறு என்ன செய்ய?

அடுத்த வருஷக் கோடை லீவும் முடிந்து ஸ்கூல் திறந்த பிறகு, ஒரு திங்கட்கிழமை காலை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் புடவையைச் செருகிக்கொண்டு, பையனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டு, கண்ணால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். தட்டு காலியானது. எல்லா அம்மாவும் சொல்கிற மாதிரி நானும் சொன்னேன். "போதும்டா, வயிறு நெறைஞ்சிருச்சு." தட்டை எடுத்தேன்.

அவன் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். என் முகத்தைப் பார்த்தான்.

"இல்ல" என்றான்.

தட்டு என் கையிலும் அவன் கையிலுமாக நின்றது. இந்த வார்த்தையை அப்போது யாரும் சொல்லவில்லை. திருப்பிச் சொல்வதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. கூடத்தில் பேப்பர் மடங்குகிற சத்தம் கேட்டது. மாமா சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். வேண்டுமென்றே மறுபடியும், கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன். "வயிறு நெறைஞ்சிருச்சுடா உனக்கு."

"இல்ல!" என்று கத்தினான். மூக்கு விடைத்துக்கொண்டு, புருவத்தை நெரித்துக்கொண்டு. அப்படியே என் கோபம்.

"யம்மா! அம்மாவையே எதிர்த்துப் பேசுறாம்மா!" என்றார் மாமா. அடுத்த நிமிஷம் செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி, அண்ணி வீட்டைப் பார்த்துக் கூப்பாடு போட்டார். "ஏய், வந்து பாரு, எம் பேரன் எதிர்த்துப் பேசுறான்! எதிர்த்துப் பேசுறான்!"

பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. நான் அழுதுகொண்டே தட்டில் இன்னொரு இட்லி வைத்தேன்.